பூட்டிய வீட்டு வாக்காளர்

திங்கள் இரவு

அன்புள்ள ஆல்டனுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் நாளன்று ஓட்டுச்சாவடி போட்டிருந்த தீயணைப்பு நிலையத்தில் நான் கலாட்டா செய்ததாக உன் தம்பி டெரல் உனக்கு எழுதியிருப்பான். அதில் பாதி அவன் கைச்சரக்கு. நான் மேசையைத் தட்டவில்லை. ஜூடித்தின் பேனாவைப் பிடுங்கவும் இல்லை. சத்தம் போட்டது உண்மை. இன்றைக்கும் போட்டேன். என் ஓட்டை எண்ணாமல் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஆல்டன். அதை நிதானமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மீகா இப்போதுதான் தூங்கினாள். இருமல் விட்டபாடில்லை. குளிர் இறங்கியதிலிருந்து நெபுலைசரை இரண்டு வேளை வைக்கிறேன். நீ அனுப்பிய ஒட்டகப் பொம்மையைக் கையிலிருந்து விடுவதில்லை. அது குதிரையாம். "அம்மா, குதிரைக்கு முதுகு வீங்கியிருக்கு, மருந்து போடணும்" என்று அதற்கும் நெபுலைசர் முகமூடியை வைக்கிறாள். நீ பார்க்க வேண்டும்.

மூச்சு வாங்குகிற குழந்தையை வைத்துக்கொண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்தல் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸை நம் பக்கத்திலிருந்து எடுத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாவட்டத் தலைநகரில் நிறுத்தியவர் ராய். மாவட்டக் குழுத் தலைவர் நாற்காலியில் எத்தனை காலமாக இருக்கிறார் என்பது அவருக்கே மறந்திருக்கும். இந்தத் தடவை அவரை எதிர்த்து நம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லோர்னா நின்றாள். பெரிய பேச்செல்லாம் பேசவில்லை. வீடு வீடாக வந்து, "வண்டியை இந்தப் பக்கம் கொண்டாந்து நிறுத்துவேன். வேற எதுவும் சொல்ல எனக்குத் தெரியாது" என்றாள். எனக்கு அது போதும். உன் அப்பா மூச்சுக்குத் தவித்த அந்த ஜனவரி ராத்திரியை நினைத்தால் யாருக்கும் போதும்.

அடையாள அட்டை விஷயம் உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஓட்டுப் போட வருகிறவர் படம் போட்ட அட்டை காட்ட வேண்டும், அதில் தெருப் பெயரோடு வீட்டு முகவரி இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது என்று சட்டம். பழங்குடிகளுக்கென்று ஒதுக்கிய நம் நிலத்தில் யாருக்கு ஐயா தெருப் பெயர் இருக்கிறது? தபால்காரர் என்றைக்கு நம் வாசலுக்கு வந்திருக்கிறார்? "தண்ணீர்த் தொட்டி தாண்டி, செத்த லாரிக்குப் பக்கத்து நீல வீடு" என்றால் ஊரே வந்து சேரும். இப்போது நம் வீட்டு முன்னால் போகிற மண்பாதைக்கு மெடோலார்க் அவென்யூ என்று பெயராம். மாவட்டத்து ஆட்கள் எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் வைத்த பெயர். அவென்யூ! மழை பெய்தால் அந்த அவென்யூவில் டெரலின் வண்டி அச்சு வரை புதைகிறது.

இருந்தாலும் செய்தோம். குலச் சபை அலுவலகத்தில் எல்லோருக்கும் புது அட்டை இலவசமாக அடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் நின்றபடியே சாப்பிட்டு வேலை பார்த்தார்கள். நானும் மீகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கினேன். நம் வீட்டு எண், மெடோலார்க் அவென்யூ, என் முகம். முகத்தில் நான் சிரித்திருக்கிறேன். அதைப் பார்த்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

தேர்தல் அன்று டெரல்தான் கூட்டிப் போனான். வழியெல்லாம் வம்பு. "அண்ணி, அட்டையில சிரிக்கிறீங்க, நேர்ல மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க, ஆள் மாறாட்டம்னு பிடிச்சுக்குவாங்க." "உன் மூஞ்சிய அட்டையில பார்த்தா மிஷினே நின்னுபோயிருக்குமே, எப்படிடா அடிச்சாங்க?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

மேசையில் ஜூடித். மளிகைக் கடை ஜூடித்தான். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவள். அட்டையை வாங்கிப் பார்த்தாள், பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்தாள், உன் தபால் ஓட்டு வந்து சேர்ந்துவிட்டது என்றாள். பிறகு, வாஞ்சையாகத்தான், "இன்னும் ஆர்வில் வீட்டுலதான் இருக்கியாம்மா? பாவம், நல்ல மனுஷன்" என்றாள்.

செத்துப்போன உன் அப்பாவைப் பற்றிப் பரிவாக ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? உள்ளதைச் சொல்வோம். அவருக்கு என்ன மரியாதை செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்வோம். அப்படிச் சொல்லாமல் தாண்டிப் போனால் அவரை அவமதித்ததாகும் என்றுதான் என்னையும் உன்னையும் வளர்த்திருக்கிறார்கள். நான் சொன்னேன்: "இல்லைங்க. அவர் போனதிலிருந்து வீட்டைப் பூட்டி வச்சிருக்கோம். வருஷம் முடிஞ்சு விருந்து வைக்கிற வரைக்கும் அங்க அடுப்பு மூட்ட மாட்டோம். எல்லாரும் மார்செல்லா பெரியம்மா வீட்டுல இருக்கோம்."

ஜூடித் "ஐயோ, நல்லதும்மா" என்று தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் ராயின் மைத்துனன், பார்வையாளராம், கையில் ஒரு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான்.

"அப்போ இந்த அம்மா இந்த முகவரியில இல்லையே" என்றான்.

ஜூடித்தின் பேனா அப்படியே நின்றது. "துக்கம் காக்குறாங்க, அவ்வளவுதானே" என்றாள். அவன், "அது என்ன வழக்கமோ எனக்குத் தெரியாது. வீடு பூட்டியிருக்கு, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நான் ஆட்சேபிக்கிறேன்" என்றான். பிஸ்கட்டைக் கீழே வைக்கவே இல்லை.

நான் கல்லூரியில் படித்தவள் என்பதை அங்கேதான் காட்டினேன். ஒருத்தி எங்கே திரும்பிப் போக நினைக்கிறாளோ அதுதான் அவள் இருப்பிடம், தற்காலிகமாக வெளியே இருந்தால் போய்விடாது என்று சொன்னேன். கேட்கவில்லை. பிறகு கேட்டேன்: "என் புருஷன் குவைத்துல மணல்ல படுத்திருக்கார். அவரோட முகவரியும் இதே வீடுதான். அவர் அங்கிருந்து அனுப்பின ஓட்டு வந்து சேர்ந்தாச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அவர் கடல் தாண்டிப் படுத்தா இந்த வீட்டுக்காரர், நான் அரை மணி தூரத்துல பெரியம்மா வீட்டுல படுத்தா வீடில்லாதவளா?"

"ராணுவம் வேறம்மா" என்றான்.

டெரல் வாசலிலிருந்து, "அப்போ அண்ணி கையிலயும் ஒரு துப்பாக்கி கொடுங்க, முகவரி தானா வந்துரும்" என்றான். வரிசையில் சிரித்தார்கள். அதற்குத்தான் காவலர் வந்தார். என் ஓட்டை ஒரு உறையில் போட்டு ஒட்டித் தனியாக வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேன் என்று காட்டினால் எண்ணுவார்கள், இல்லாவிட்டால் இல்லை. என்னைப்போல இன்னும் சிலருக்கு உறை. எல்லாம் நம் பக்கத்து ஆட்கள்.

அன்றிரவே எண்ணிக்கை வந்தது. லோர்னா பின்தங்கியிருந்தாள். எவ்வளவு? ஒட்டி வைத்த உறைகளைவிடக் குறைவு.

மார்செல்லா பெரியம்மா கேட்டதும், "என் வீட்டு முகவரியை எழுதிக் கொடுடி. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அது அவருக்குக் குலச் சபை கொடுத்த வாடகை வீடு. குத்தகையில் பெயர் உள்ளவர் மட்டும்தான் இருக்கலாம். நாங்கள் இத்தனை பேர் அங்கே இருப்பது ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. தெரிந்தால் அவரைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். "சொன்னா சொல்லட்டும், உன் வண்டியில வந்து படுத்துக்கறேன்" என்று டெரலைக் காட்டினார். அவன், "என் வண்டிக்கு முகவரி இல்லையே பெரியம்மா" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஓட்டுக்காக ஒரு கிழவியின் கூரையைப் பிடுங்க நான் யார்?

உன் அம்மா சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியும், அடக்கம் முடிந்ததிலிருந்து அந்த வீட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை. மறுநாள் காலையில் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார்.

"அந்த வீட்டுல யாரும் இல்லைன்னு எழுதிட்டாங்களா?" என்றார். "அவருக்கு மூச்சு முட்டின அன்னிக்கு நான் போன்ல கத்துறேன், இங்கதான் இருக்கோம், இங்கதான் இருக்கோம்னு. ஆம்புலன்ஸுக்கு போன் எடுத்தவ என்னமோ தெருப் பேரு கேட்கிறா. வண்டிய வேற எங்கயோ அனுப்புறா. அன்னிக்கு நாங்க அங்கதான் இருந்தோம். அவங்களுக்குத் தெரியலை. இன்னிக்கு நாம அங்க இல்லைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?"

நான், "வருஷம் முடியலையே அத்தை" என்றேன்.

"தெரியும். எண்ணிக்கிட்டு இருக்கிறது நான்தானே. போ. போய் அடுப்பை மூட்டு. வருஷத்தை உடைச்சது நாம இல்லை."

ஆகவே, ஆல்டன், இந்தக் கடிதத்தை உன் அப்பாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூத்த மகனான உன்னைக் கேட்காமல் வீட்டைத் திறந்துவிட்டேன். கேட்க வழியில்லை. உன் போன் அந்த வாரம் முழுக்கச் செத்துக் கிடந்தது. நீ கோபப்படலாம். ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று யோசித்துவிட்டு வை.

புதன்கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே இருந்த குளிர் வெளியே இருந்ததைவிட அதிகம். அவருடைய நாற்காலியையும் துணிகளையும் நாம் கொடுத்துவிட்டதால் அந்த மூலை வெறுமையாகக் கிடக்கிறது. நான் வாசலிலேயே நின்றேன். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை என்ற மரியாதையை அவர் கடைசிவரை விடவில்லையே. என்னிடம் உப்பு கேட்க வேண்டுமென்றாலும், "பாப்பா, உங்க அம்மாகிட்ட உப்பு இருக்கான்னு கேளு" என்று மீகாவிடம்தான் கேட்பார். அவள் பேச ஆரம்பிக்காத நாளிலேயே கேட்பார். அதனால் மீகாவைக் கீழே இறக்கிவிட்டு, "தாத்தாகிட்ட சொல்லு, சீக்கிரமா வந்துட்டோம், மன்னிக்கச் சொல்லு" என்றேன். அவள் அந்த மூலையைப் பார்த்து, "தாத்தா, அம்மா வந்திருக்கா. ரொம்பக் கோவமா இருக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு நான் அடுப்பை மூட்டினேன்.

உன் அம்மா வரவில்லை. வருடம் முடியாமல் வரமாட்டார். ஆனால் தினமும் டெரலிடம் விறகும் இரண்டு தட்டும் கொடுத்து அனுப்பினார். பொரித்த ரொட்டி, இறைச்சிச் சாறு, காட்டுச் செர்ரிக் குழம்பு. ஒரு தட்டு எங்களுக்கு. இன்னொன்றை அவருக்கென்று கொல்லைப்புறத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை மாவட்டத்து வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் புகைபோக்கியைப் படம் எடுத்தான், பனியில் டயர் தடத்தைப் படம் எடுத்தான், ஜன்னலில் நின்ற என்னையும் எடுத்தான். "வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லையே, நேரா வந்துட்டேன்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு மீகாவின் தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினேன். அவன் நேராக வந்துவிட்டான், ஆல்டன். ஜனவரியில் உன் அம்மா கத்தக் கத்த வராத வழி, படம் எடுக்க வந்தவனுக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைக்கு மாவட்ட அலுவலகத்தில் உறைகளைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். மேசையில் மூன்று பேர். தான் போட்டியிடுவதால் ராய் மேசையில் உட்காரவில்லை. யோக்கியமாக ஒதுங்கி, கதவோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். லோர்னா பேருந்தை ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தாள், சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

என் முறை வந்தது. நடுவில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "இப்போ எங்கே குடியிருக்கீங்க, அம்மா?"

"அட்டையில இருக்கிற வீட்டுல."

"எப்போதிலிருந்து?"

ஓரமாக உட்கார்ந்திருந்த ஜூடித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். சொல்லிவிடு பெண்ணே, எப்போதும் அங்கேதான் இருந்தேன் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. டெரல் கூரையைப் பார்த்தான். ஒரே ஒரு பொய். மீகாவுக்காக நான் எவ்வளவு பெரிய பொய்யும் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். சொல்லக்கூடியவள்தான். வாயைத் திறந்தும் விட்டேன்.

ஆனால் எப்போதும் அங்கேயே இருந்தோம் என்றால் என்ன பொருள்? அவர் செத்த மறுநாளே அதே அடுப்பில் சமைத்தோம், அதே அறையில் சிரித்தோம், அவருக்காக ஒரு நாள்கூட வெளியேறவில்லை என்று பொருள். வண்டியை நேரத்துக்கு அனுப்பாமல் அவரைக் கொன்றவர்கள் முன்னால் நின்று, நாங்கள் அவருக்காகத் துக்கம் காக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு ஓட்டு.

"புதன்கிழமையிலிருந்து" என்றேன்.

"தேர்தல் செவ்வாய்க்கிழமை, அம்மா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பது முழுக்க நினைவில்லை. என் மாமனார் செத்ததற்குத் துக்கம் காத்தேன், அதற்கு எந்தத் தெருப் பெயர் வேண்டும் என்று கேட்டேன். பூட்டிய வீடு ஆளில்லாத வீடு இல்லை என்று சொன்னேன். ராயைப் பார்த்து, "காப்பி ஆறிடுச்சா?" என்று கேட்டேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் எண்ணலாம் என்றார், இருவர் வேண்டாம் என்றனர். அதோடு முடிந்தது. மற்ற உறைகளும் ஒவ்வொன்றாக ஒரு காரணம் சொல்லி, எண்ணாதவற்றைப் போடும் பெட்டிக்கே போயின. ராய் ஜெயித்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நிற்கும்.

வெளியே வந்ததும் லோர்னா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பேருந்தின் படியில் உட்கார்ந்து, "நானா இருந்தாலும் புதன்கிழமைன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காகச் சந்தோஷப்படுறேன்னு நினைக்காதே" என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள்.

நான் திரும்பப் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. இங்கேயே இருக்கப் போகிறேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "இரு" என்றார். தட்டுகள் நாளைக்கும் வரும். விருந்து அதன் நாளில்தான் நடக்கும்.

நீ போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், மீகாவின் மருத்துவத்துக்கு ராணுவக் காப்பீடு இருக்கும், என்ன சொல்கிறாய் என்று. நான் பதில் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தக் காப்பீட்டை நினைத்து, சரி என்று எழுதத்தான் இருந்தேன். உன் ஓட்டை எண்ணினார்கள் என்று இன்றைக்குப் பட்டியலில் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே ஒரு கோடு. எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனால் இந்த மண்ணில் நம்மில் ஒருவர் துப்பாக்கி தூக்கிக் கடல் தாண்டினால்தான் இந்த வீட்டுக்காரர் ஆக முடியும் என்றால், அந்த விலையை இனிமேலும் நீ கொடுக்க வேண்டாம். என் பதில், வேண்டாம். கையெழுத்துப் போடாதே. மருத்துவத்துக்கு நாம் இருவருமாக ஏதாவது பார்ப்போம். குழந்தைக்கு மூச்சு முட்டினால் வண்டியை ஓட்ட இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், ஆல்டன். ஜனவரி விருந்தில் முதல் தட்டை எடுத்து வைக்க மூத்த மகன் வேண்டும்.

என் பேச்சை இங்கே ஒருவரும் எண்ணவில்லை. நீயாவது எண்ணிக்கொள்.

அதுவரைக்கும் சரியாகச் சாப்பிடு. காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். உன் தலைக்கு மேலிருந்து விழுவதெல்லாம் மழையாக மட்டுமே இருக்கட்டும்.

உன் வீட்டில் இருக்கும்,
டானெல்